பம்பாயிலும் அதே கத்திரிக்காய்

இருபத்தோரு வயதில் நான் ஒரு முழு முட்டாளாக இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கட்டுரை படித்த பிறகு நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அந்தப் பெருமைக்கு எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே நாற்பது பேர் உரிமை கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிற முட்டாளால் ஊருக்குக் கெடுதல் இல்லை. நான் அந்த ரகமில்லை. நான் சான்றிதழ் வாங்கிய முட்டாள். அதை லேமினேஷனும் செய்து வைத்திருந்தேன்.

சான்றிதழ் கொடுத்த இடம் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ். பேர் சொல்ல மாட்டேன். என் பேரைச் சொல்ல அவர்களும் கூச்சப்பட்டிருப்பார்கள். இருபத்தெட்டு மாணவர்களுக்கு மூன்று கம்ப்யூட்டர். அதில் ஒன்று வயிற்றைப் பிளந்தபடியே ஆறு மாதமும் மேஜைமேல் கிடந்தது. அதைப் பார்க்கலாம், தொடக் கூடாது. மோடம் பாடம் நடத்த வேண்டிய வாரத்தில் மாஸ்டருக்குக் கல்யாணம் வந்துவிட்டது. பதிலுக்கு ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். அதிலிருந்த மோடத்தின் படம் ஒரே கறுப்பாக இருந்தது. இட்லிச் சட்டி என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

இவ்வளவு ஞானத்தோடு வெளியே வந்த நான் முதலில் செய்த காரியம், விசிட்டிங் கார்டு அடித்தது. ‘எஸ். சாமுவேல், கம்ப்யூட்டர் இன்ஜினியர்’ என்று போட்டேன். (இன்ஜினியரிங் காலேஜ் வாசலில் நான் ஒரே ஒரு தடவை நின்றிருக்கிறேன். உள்ளே படித்த நண்பனிடமிருந்து என் சைக்கிளைத் திரும்ப வாங்குவதற்காக.) சொந்தக்காரர்கள் அந்தக் கார்டை வாங்கி மரியாதையாகப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் என்ற சொல்லை அழுத்திச் சொன்னாலே பெண் கொடுப்பார்கள் என்று நான் நம்பிய காலம்.

இப்போது என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா தேவசகாயம் ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கே.கே. நகரில் சொந்த வீடு. கல்யாணப் பத்திரிகை வந்தால் அதிலிருக்கும் இங்கிலீஷ் தப்புகளைச் சிவப்பு மையில் திருத்தி, மொய்க் கவரோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். அவருக்கு ஒரே பையன், எட்வின் அண்ணன். அவனுக்கும் அதே பள்ளியில் வேலை வாங்கிக் கொடுப்பதற்காகப் பெரியப்பா, வாழ்நாளில் முதல் தடவையாக, நாலு பேர் வீட்டு வாசலில் போய் நின்றார். வேலையும் கிடைத்தது. எட்டே மாதத்தில் அண்ணன் ராஜினாமாக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காகப் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான்.

“இனிமே அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுனா என்னைய என்னன்னு கேளு” என்றார் பெரியப்பா. இரண்டரை வருடம் பேசவில்லை.

பேசவில்லை என்றால், அதிலும் ஒரு இலக்கணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடமிருந்து போன் வரும். பெரியம்மா எடுப்பார். பெரியப்பா சரியாகப் போனுக்கு மூன்றடி தள்ளி, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“அங்க மழையான்னு கேளு.”

“ஏம்ப்பா எட்வின், அங்க மழையான்னு அப்பா கேக்குறாங்க.”

“நான் எங்க கேட்டேன்? நீ கேளு.”

இப்படியே இரண்டரை வருடம் போனது. கடைசியில் எட்வின் அண்ணனுக்குத்தான் அந்த யோசனை வந்தது. அவன் ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரையும் ஒரு மோடத்தையும் லாரி பார்சலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். இந்தப் பக்கம் ஒரு மோடம், அந்தப் பக்கம் ஒரு மோடம். டெலிபோன் லைன் வழியாக இரண்டும் இணைந்துவிட்டால், இங்கே டைப் அடிப்பது அங்கே திரையில் தெரியும், அங்கே அடிப்பது இங்கே தெரியும். வாய் திறக்க வேண்டாம்.

பெரியப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் தீர்ப்புச் சொன்னார்: “பேச மாட்டேன்னுதான் சொன்னேன். டைப் அடிக்கறது பேச்சுல சேராது.”

பெரியம்மா அன்றைக்கு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியதாகக் கேள்வி. அந்த ஜெபத்துக்குப் பதிலாகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

“ஏம்ப்பா சாமு, இந்த மோடம் மோடம்ங்கறாங்களே, அது உனக்குத் தெரியுமா?” என்று பெரியம்மா போனில் கேட்டார்.

“மோடமா? தினம் பத்து பாக்குறேன் பெரியம்மா. நாளைக்கே வாரேன்” என்றேன். மனசாட்சி என்று ஒரு உறுப்பு இருந்திருந்தால் அன்றைக்கே அது வெடித்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி என்று ஏற்பாடு. அண்ணனுக்கு ஆபீஸ் அரை நாள். எல்லோரும் போன பிறகு மோடத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பான். நாம்தான் டயல் செய்ய வேண்டும். என்ன என்ன செய்ய வேண்டும் என்று நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, கம்ப்யூட்டரோடு அனுப்பியும் இருந்தான். பெரியப்பா அதை என்னிடம் நீட்டினார்.

“இதெல்லாம் சாதாரண ஆளுங்களுக்கு எழுதுறது பெரியப்பா” என்று சொல்லி, மடித்த கடிதத்தை மடித்தபடியே திருப்பிக் கொடுத்தேன். அந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு போயிருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுடைய டை. மெரூன் கலர். அதன் முனை கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இரண்டு தடவை மாட்டிக்கொண்டது.

ஹாலில் சாப்பாட்டு மேஜைமேல் கம்ப்யூட்டரை வைத்தோம். போன் ஜன்னலோரம் இருந்தது. சுவரில் போன் வயர் வருகிற பெட்டியிலிருந்து இன்னொரு வயர் இழுத்து மோடத்தின் முதுகில் சொருக வேண்டும். அம்புட்டுதான் வேலை. அந்த வயரின் நுனியில் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று இருக்கும். சொருகினால் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். எனக்கு ‘டக்’ வரவில்லை. பல்லால் கடித்து நிமிர்த்தினேன். கிளிப் உடைந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. துப்பிவிட்டு, வயரை வெறுமனே சொருகி, மோடத்தைச் சுவரோடு தள்ளி வைத்தேன். தள்ளிய வேகத்தில் வயர் கழன்று மேஜைக்குப் பின்னால் விழுந்தது. அதை நான் பார்க்கவில்லை. நான் அப்போது டையைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

நாலு மணிக்குப் பம்பாய் நம்பரை அடித்தேன். மோடம் ‘டக்’ என்றது. திரையில் இரண்டு வார்த்தை வந்தது.

“லைன் பிஸி” என்றேன்.

பெரியப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். “டயல் டோன் இல்லைன்னுல்ல போட்டிருக்கு.”

“கம்ப்யூட்டர் இங்கிலீஷ் வேற பெரியப்பா.”

முப்பத்து நான்கு வருடம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த மனிதரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போனார். மறுபடி நாலு தடவை அடித்தேன். நாலு தடவையும் அதே இரண்டு வார்த்தை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டெலிபோன் ஆபீஸ்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டே மோடத்தோடு வந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் ‘லூப்பேக் டெஸ்ட்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டளை, நாலைந்து எழுத்து. அதற்கும் கீழே அரைப் பக்கத்துக்கு விளக்கம். விளக்கத்தைப் படிக்கிற ஆளா நான்? கட்டளையை மட்டும் அடித்தேன்.

திரையில் ‘கனெக்ட்’ என்று வந்தது! மோடத்தில் அதுவரை எரியாத ஒரு சிவப்பு விளக்கும் எரிந்தது.

அன்றைக்கு நான் படிக்காத விளக்கத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லூப்பேக் டெஸ்ட் என்பது மோடத்தைத் தனக்குத்தானே பேச வைக்கிற சோதனை. அதன் வாயைக் கொண்டுபோய் அதன் காதிலேயே வைத்துவிடுவது. டெலிபோன் வயரே தேவையில்லை. நாம் அடிக்கிற எழுத்து மோடத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நம்மிடமே திரும்பி வரும். வந்தால், மோடம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். அந்தப் பக்கம் பம்பாயும் கிடையாது, பக்கத்திலிருக்கிற பரவையும் கிடையாது.

நான் அண்ணன் அனுப்பிய புரோகிராமில் ‘சாட்’ என்பதைத் திறந்தேன். திரை இரண்டாகப் பிரிந்தது. கீழ்ப் பாதியில் நாம் அடிப்பது. மேல் பாதியில் எதிராளி அடிப்பது. கீழே ‘ஹலோ’ என்று அடித்தேன்.

மேலே ‘ஹலோ’ என்று வந்தது.

“பெரியம்மா! அண்ணன் லைன்ல வந்துட்டான்!”

பெரியம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார். “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று சொல்லித் திரையைத் தொடப் போனார். நான் தடுத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பெரியம்மா சொல்லச் சொல்ல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் நான் அடித்தேன்.

“சாப்ட்டியான்னு கேளுப்பா.”

‘சாப்ட்டியா?’ என்று அடித்தேன். மேலே ‘சாப்ட்டியா?’ என்று வந்தது.

“பாரு, பாரு! அவன் பதில் சொல்லாம என்னையத்தான் மொதல்ல கேக்குறான்!” பெரியம்மா நாற்காலியை இன்னும் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். “சாப்ட்டேன்யான்னு சொல்லு.”

‘சாப்ட்டேன்யா.’ மேலேயும் ‘சாப்ட்டேன்யா.’

“‘யா’ங்குறான் பாரு, என்னைய! சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். என்ன கொழம்புன்னு கேளு.”

‘என்ன கொழம்பு?’ ‘என்ன கொழம்பு?’

“கத்திரிக்காய் புளிக்கொழம்பு.”

அடித்தேன். மேலே அட்சரம் பிசகாமல் வந்தது: ‘கத்திரிக்காய் புளிக்கொழம்பு.’

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “பம்பாயிலயும் அவனுக்கு இன்னைக்குக் கத்திரிக்காயாம்டா! இங்க நான் வச்சிருக்கேன், அங்க அவன் சாப்பிட்டிருக்கான். பெத்தவ மனசு எப்படி எட்டுது பாத்தியா!” என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்வதற்காகக் காம்பவுண்டுச் சுவரை நோக்கி ஓடினார்.

எனக்கு அந்த இடத்தில்தான் லேசாகச் சந்தேகம் வந்தது. (சந்தேகம் வந்ததை அறிவின் அறிகுறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆடுகூட இந்நேரம் கண்டுபிடித்திருக்கும்.) ஆள் இல்லாத நேரம் பார்த்துப் புத்தகத்தை எடுத்து அந்த அரைப் பக்கத்தைப் படித்தேன். முதல் வரியிலேயே பம்பாய் காணாமல் போய்விட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் திரும்பி வந்த பெரியம்மா ஒரு தட்டு முறுக்கையும் காபியையும் என் முன்னால் வைத்து, “எங்க வீட்டு விளக்க ஏத்தி வச்சிட்டடா சாமு” என்றார். வாயை முறுக்கால் மூடிக்கொண்டேன். என் நேர்மை எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒரு தட்டு முறுக்குக்குள் அடங்கிவிட்டது.

உள்ளேயிருந்து பெரியப்பா வந்தார். பனியனோடு இருந்தவர், முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் மாட்டி, தலை வாரியிருந்தார். பையனைப் பார்க்கப் போகிறார் அல்லவா! அந்தச் சட்டையைப் பார்த்ததும் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். சோதனையை முடிப்பதற்கு மூன்று கூட்டல் குறி அடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அடித்தேன். அதுவும் சமர்த்தாக மேலே போய் நின்றது.

“என்னடா இது, கணக்குப் போடுறான்?” என்றார் பெரியப்பா.

“சும்மா பெரியப்பா… சந்தோஷத்துல அடிக்கிறான்.”

சுவிட்சை அணைத்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம். மதுரையில் தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை. நான் எழுந்தேன், பெரியப்பா உட்கார்ந்தார். “நான் அடிச்சுக்கிறேன்” என்றார். ஒற்றை விரலால், பள்ளிக்கூட இங்கிலீஷில், புள்ளி கமா எல்லாம் வைத்து அடித்தார்.

‘எட்வின், இது உன் அப்பா.’

மேலே வந்தது: ‘எட்வின், இது உன் அப்பா.’

பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். “என்னடா, நான் சொன்னதையே சொல்றான்?”

இங்கேயாவது உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வெறும் முட்டாளாகத் தப்பித்திருப்பேன். ஆனால் நான் சொன்னது இது: “மொத மொத கனெக்ட் ஆகுறப்ப, வந்த செய்தியத் திருப்பி அடிச்சுக் காட்டணும் பெரியப்பா. கம்ப்யூட்டர்ல அதுதான் மரியாதை.”

“ம்… ஒழுக்கமாத்தான் இருக்கான்” என்று பெரியப்பா திரும்பிக்கொண்டார். பிறகு ரொம்ப நேரம் விரலைத் தூக்கி வைத்தபடியே இருந்தார்.

‘உனக்கு என்மேல் இன்னும் கோபமா?’ என்று அடித்தார்.

மேலே வந்தது: ‘உனக்கு என்மேல் இன்னும் கோபமா?’

பெரியப்பா அதை இரண்டு தடவை படித்தார். அந்தக் கேள்வியைத் தன்னைப் பார்த்து யாரும் இதுவரை கேட்டதில்லை என்பது போல இருந்தது அவர் முகம். மெதுவாக ‘இல்லை’ என்று அடித்தார்.

‘இல்லை.’

‘நானும் அவசரப்பட்டுவிட்டேன்.’

‘நானும் அவசரப்பட்டுவிட்டேன்.’

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி, முழுக்கைச் சட்டையின் முனையில் துடைத்து, மறுபடி போட்டார். துடைத்தது கண்ணாடியை மட்டுமில்லை. வாசற்படியில் நின்றிருந்த பெரியம்மா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். ஆண்டவரே, இந்த வீட்டுத் தரை பிளந்து என்னை டையோடு விழுங்கட்டும் என்று மனதார ஜெபித்தேன். அன்றைக்கு ஆண்டவர் வேறு யாருக்கோ செவிகொடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா மறுபடி அடித்தார். கண் கலங்கியிருந்ததால் விரல் தடுமாறியது. ‘மன்னித்துக்கொள்’ என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையில் ‘ஐ’க்குப் பதிலாகப் பக்கத்திலிருக்கும் ‘ஓ’வை அழுத்திவிட்டார்.

மேலே ‘மன்னித்துக்கொள்’ வந்தது. அதிலும் ‘ஐ’க்குப் பதிலாக ‘ஓ.’

பெரியப்பாவின் முதுகு நிமிர்ந்தது. முப்பத்து நான்கு வருடம் பரீட்சைத்தாள் திருத்திய முதுகு அது.

“சாமு.”

“பெரியப்பா.”

“என் மகன் தப்பு விடுவான். ராஜினாமா லெட்டர்லயே மூணு தப்பு விட்டவன். ஆனா நான் விட்ட அதே தப்ப, அதே எடத்துல, எப்படிடா விடுவான்? பக்கத்துப் பையனப் பாத்துக் காப்பியடிச்சாத்தான் இப்படி வரும்.”

பெரியப்பா கீழே அடித்தார்: ‘உன் அம்மா பெயர் என்ன?’

‘உன் அம்மா பெயர் என்ன?’

“டேய்” என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “இதுல அந்தப் பக்கம் ஆளே இல்லையாடா?”

நான் பதில் சொல்வதற்குள், ஜன்னலோரத்தில் போன் அடித்தது.

மோடம் உண்மையிலேயே பம்பாயோடு இணைந்திருந்தால் அந்தப் போன் அடிக்கவே அடிக்காது. ஒரே லைன்தானே! அது பெரியப்பாவுக்கும் அந்த நொடியில் புரிந்தது. பெரியம்மா நகர்வதற்குள் இரண்டே எட்டில் போய்ப் போனைப் பிடுங்கினார். எதிர்முனையில் எட்வின் அண்ணன் கத்தியது ஹால் முழுக்கக் கேட்டது.

“அம்மா! அந்தக் கழுதை சாமு வந்தானா இல்லையா? ஒன்றரை மணி நேரமா மோடத்தப் போட்டுட்டு உக்காந்திருக்கேன்!”

பெரியப்பா போனை மறு காதுக்கு மாற்றி, “அம்மா இல்ல. நான்தான்” என்றார்.

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். (அந்தக் கை எதற்கு லாயக்கு என்று அவருக்கு இன்னும் தெரியாது.)

“எட்வின், நீ மதியம் என்ன சாப்பிட்ட?” என்றார் பெரியப்பா.

“வடா பாவ்ப்பா… ரெண்டு.”

“கத்திரிக்காய் இல்லையா?”

“இல்லப்பா. ஏன்?”

பெரியம்மா என் கையை விட்டுவிட்டார்.

“என்கிட்ட ‘நானும் அவசரப்பட்டுட்டேன்’னு சொன்னியா நீ?”

“இல்லப்பா. நான் ஒண்ணுமே சொல்லலையே. யார் சொன்னா?”

பெரியப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். “நான்தான் சொன்னேன் போல” என்றார்.

அண்ணனுடைய குரல் சின்னதாகக் கேட்டது. “நானும்தான்பா.”

அதற்குப் பிறகு அவர்கள் முக்கால் மணி நேரம் பேசினார்கள். ராஜினாமாவைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருப்பார்கள். மீதி நேரம் முழுக்க என்னைப் பற்றித்தான். இரண்டரை வருடம் பேசாமலிருந்த அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ள ஒரு பொதுவான விஷயம் வேண்டுமே, அது நானாக அமைந்தேன். பெரியப்பா ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார்; அந்தப் பக்கம் அண்ணன் சிரிக்கிற சத்தம் வெடி மாதிரி வரும். “திருப்பி அடிக்கிறதுதான் மரியாதையாம்டா!” என்றபோது பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்து போனை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்து நானும் லேசாகச் சிரித்தேன். “நீ சிரிக்காதடா” என்றார்.

நடுவில் அண்ணன் ஏதோ சொல்ல, பெரியப்பா கடிதத்தை எடுத்து முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்: ‘முதல் வேலையாக, மோடத்தின் பின்னால் டெலிபோன் வயர் நன்றாகச் சொருகியிருக்கிறதா என்று பார்க்கவும்.’ படித்துவிட்டு மேஜைக்குப் பின்னால் குனிந்து, தரையில் கிடந்த வயரை இரண்டு விரலால் தூக்கி, செத்த பல்லியைக் காட்டுவது போல எனக்குக் காட்டினார்.

அன்றைக்கு ஆறரை மணிக்கு, அண்ணன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அறுபது வயது இங்கிலீஷ் வாத்தியார் முதல் தடவையிலேயே பம்பாயைப் பிடித்தார். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தியபோது பெரியம்மா ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார். கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், கிளிப் உடைந்த வயர் மறுபடி கழன்றுவிடாமல் மோடத்தின் முதுகில் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம். அந்த வீட்டில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

விசிட்டிங் கார்டுகளை அந்த வாரமே கிழித்துப் போட்டேன். இரண்டு மாதத்தில் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தேன். அங்கே எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகினேன். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் குடும்பம் விடுமா? எங்கள் உறவில் கத்திரிக்காய் புளிக்குழம்புக்கு ‘பம்பாய்க் கொழம்பு’ என்றே பேர் நிலைத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கூடினால் சித்தப்பா பிள்ளைகள் நான் எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்வார்கள். “எல்லாரும் நல்லாருக்கீங்களா?” என்று கேட்பேன். “எல்லாரும் நல்லாருக்கீங்களா?” என்று பதினைந்து பேர் சேர்ந்து கேட்பார்கள்.

ஆறு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். பெண் திண்டுக்கல், பெயர் கிரேஸ். இந்தக் கதை அவள் காதுக்குப் போகக் கூடாது என்று பெரியம்மாவிடம் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். “சொல்ல மாட்டேன்டா” என்றார் பெரியம்மா.

கோயிலில் கூட்டம் நிரம்பியிருந்தது. உடன்படிக்கை நேரம். பாஸ்டர் ஐயா ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மாப்பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் அல்லவா! “சாமுவேலாகிய நான்…” என்றார் பாஸ்டர். “சாமுவேலாகிய நான்…” என்றேன். “இன்பத்திலும் துன்பத்திலும்…” என்றார். “இன்பத்திலும் துன்பத்திலும்…” என்றேன். இரண்டாவது வரிசையில் ஏதோ புகைய ஆரம்பித்தது எனக்கு முதுகிலேயே தெரிந்தது. எட்வின் அண்ணன் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தான். பெரியப்பாவுக்கு அதற்குள் காது மந்தம். தான் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னார்:

“சாமு, அந்தப் பக்கம் ஆள் இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கடா!”

எங்கள் பக்கத்து நாற்பது பேரும் வெடித்தார்கள். பாஸ்டர் ஐயா புத்தகத்தை மூடிவிட்டார். பெண் வீட்டார் எழுந்து நின்று என்ன கலவரம் என்று பார்த்தார்கள். நான் வியர்த்துப்போய்க் கிரேஸைப் பார்த்தேன். அவள் முக்காட்டை விலக்கி, இரண்டாவது வரிசைப் பக்கம் திரும்பி, வகுப்பில் அட்டெண்டன்ஸ் கொடுக்கிற பெண் மாதிரி தெளிவாகச் சொன்னாள்:

“இருக்கேன் மாமா.”

பெரியம்மா நிச்சயத்தன்றைக்கே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கிறார். எங்கள் கல்யாண வீடியோவில் அந்த இடம் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு நான் சொன்ன உடன்படிக்கை, சிரிப்புச் சத்தத்தில், ஒரு வார்த்தைகூடக் கேட்காது.